மேல்பட்டாம்பாக்கத்துக்குப் போன பெட்டி

ஓய்வு பெற்ற பிறகு நான் எழுதிய முதல் வரைவு, உயிரோடு இருந்த ஒருவர் வீட்டு வாசலில், பிணம் வைக்கும் ஃப்ரீசர் பெட்டியைக் கொண்டுபோய் இறக்கியது. முப்பத்தாறு ஆண்டு அரசுப் பணியில் என் வரைவு எதுவும் இத்தனை வேகமாகச் செயலுக்கு வந்ததில்லை.

என் மகள் சென்னையில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலை ஒரு பெரிய சூட்கேஸோடு செம்மண்டலத்து வீட்டில் வந்து இறங்கி, வேலையை விட்டுவிட்டதாகவும் இனி கடலூரிலிருந்தே சொந்தமாகத் தொழில் செய்யப்போவதாகவும் சொன்னாள். மூன்று மாதத்துக்குள் ஒரு வாடிக்கையாளராவது நிலைக்க வேண்டும். நிலைக்காவிட்டால் திரும்பிப் போவாள். பழைய நிறுவனம் அதுவரை அவள் இடத்தைக் காலியாக வைத்திருக்கும்.

“நீங்க என்னப்பா சொல்றீங்க?” என்று கேட்டாள்.

“சாதக பாதகங்களைப் பரிசீலித்து உரிய முடிவு எடுக்கலாம்” என்றேன்.

 அவள் சூட்கேஸைத் திறக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதன் பின் வேண்டிய துணியை அவ்வப்போது அதிலிருந்து உருவி எடுப்பாளே தவிர, அலமாரியில் ஒரு துணிகூட ஏறவில்லை. அதை நான் தினமும் கவனித்தேன்.

கிடைத்த ஒரே வாடிக்கையாளர் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பந்தல் சாமான் கடை வைத்திருக்கிறார். கடலூரில் ஒரு குடோனும் உண்டு. சாமியானா, நாற்காலி, அண்டா, ஜெனரேட்டர், சீரியல் லைட், ஃப்ரீசர் பெட்டி எல்லாம் வாடகைக்குப் போகும். காதுகுத்துக்குப் போன நாற்காலி மறுநாள் கருமாதிக்குப் போகும். நாற்காலிக்கு வித்தியாசம் தெரியாது. அவசரத்தில் மச்சானுக்கும் தெரியாது. நாள் முழுக்க அவர் போன் அடித்துக்கொண்டே இருக்கும். அந்தப் போனுக்கு வரும் செய்திகளையெல்லாம் படித்துத் தானே வேலையை முடித்துவிடும் ஓர் ஏஜென்ட்டை மகள் செய்து கொடுத்தாள். ஏஜென்ட் என்றால் ஆள் இல்லை, மென்பொருள்.

“அதுக்குப் பதினோரு டூல் குடுத்துருக்கேன்ப்பா. இருப்பு பாக்க ஒண்ணு, தேதி ஒதுக்க ஒண்ணு, சாமான் அனுப்ப ஒண்ணு, இப்படி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு விளக்கம் எழுதி வச்சிருக்கேன். அதைப் படிச்சிட்டுத்தான் எதை எப்ப எடுக்கணும்னு அது முடிவு பண்ணும். அந்த விளக்கத்தத் தவிர அதுக்கு வேற எதுவும் தெரியாது.”

“கடையப் பாத்துருக்கா?”

“இல்ல.”

“ஒங்க மாமாவ?”

“இல்லப்பா.”

“அப்ப நிம்மதியா வேலை செய்யும்.”

செய்யவில்லை. மகள் எழுதிய விளக்கங்கள் தந்தி மாதிரி இருந்தன. இருப்பு பார்க்கும் கருவிக்கு ‘நாற்காலி தொடர்பான கேள்விகளுக்கு’ என்று எழுதியிருந்தாள். அனுப்பும் கருவிக்கு ‘நாற்காலி தொடர்பான கோரிக்கைகளுக்கு’. வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் பரங்கிப்பேட்டைக்கு வந்திருந்த ஒருவர், “ஐம்பது நாற்காலி இருக்கா?” என்று விசாரித்தார். ஒரு மணி நேரத்தில் ஐம்பது நாற்காலி அவர் வாசலில் இறங்கின. மனிதர் பெருந்தன்மையானவர். “தங்கச்சிக்கு நிக்காஹ் பேச்ச அடுத்த வருசம் எடுக்கலாம்னு இருந்தோம். நாற்காலியே வந்துருச்சு, நாளைக்கே மாப்பிள்ளை வீட்டுக்காரங்களக் கூப்பிட்டுர்றோம்” என்றாராம்.

எல்லோரும் இப்படி இருக்க மாட்டார்கள் என்பதால் மகள் கவலைப்பட்டாள். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். விளக்கம் எழுதுவது என் துறை. எங்கள் அலுவலகத்தில் எந்தத் தாள் என் மேசைக்கு வந்தாலும், யார் தலையிலும் எதுவும் விடியாத வகையில் வெளியே போகும். மேலதிகாரிகள் மாற்றலாகிப் போகும்போது என் வரைவுகளின் நகல் கேட்டு வாங்கிப் போவார்கள். மூன்று நாள் உட்கார்ந்து பதினோரு கருவிக்கும் எழுதிக் கொடுத்தேன். முப்பது பக்கம் வந்தது. பெட்டி அனுப்பும் கருவிக்கு எழுதியது இது:

“இறப்பு நிகழ்ந்தமை உரியவாறு உறுதி செய்யப்பட்ட பின்னர், தேவையின் தன்மையைக் கருத்தில் கொண்டு, உரிய வழிமுறைகளைப் பின்பற்றி, பெட்டியினை அனுப்புவது குறித்து ஆவன செய்யப்படலாம்.”

மகள் இரண்டு தடவை படித்தாள்.

“அப்பா, இப்ப பெட்டிய அனுப்பணுமா, வேணாமா?”

“அதான் தெளிவா இருக்கே.”

“எந்த எடத்துல?”

“‘உரிய’ங்கற எடத்துல.”

அவளுக்கு வேறு வேலை நிறைய இருந்தது. என்மேல் மரியாதையும் கொஞ்சம் மீதமிருந்தது. அப்படியே ஏற்றிவிட்டாள்.

இரண்டாம் நாள் காலை சிதம்பரத்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு வீட்டில் மரணம். பெட்டி வேண்டும் என்று செய்தி வந்தது. ஏஜென்ட் இறப்புச் சான்றிதழின் நகலைக் கேட்டது. இன்னும் வாங்கவில்லை என்றார்கள். விண்ணப்பதாரர் இறந்தவருக்கு என்ன உறவு, அதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டது. மகன் என்றார்கள். “தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது” என்றது. அரை மணி கழித்து அவர்கள் மறுபடி கேட்டபோது, முந்தைய கடிதத்தைச் சுட்டி எழுதும்படி அறிவுறுத்தியது. என் நடை அதற்கு நன்றாகவே வந்திருந்தது. எனக்கு ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது. அப்போது மச்சான் போன் வந்தது.

“மாமா! பொணத்த நடுக்கூடத்துல போட்டுட்டு ஒக்காந்துருக்காங்க. ஒங்க மிஷினு சர்டிபிகேட்டு கேக்குது!”

“முறைப்படி பாத்தா, மச்சான்...”

“முறைப்படி பாத்தா அவுங்க என்னை ஒதைக்கணும். பாவம்னு உட்டுட்டாங்க. செத்தவன் சர்டிபிகேட்டக் கையில வச்சிக்கிட்டா சாவான்? பக்கத்துக் கடைக்காரன் கால்ல உழுந்து பெட்டி வாங்கி அனுப்பிட்டு வர்றேன். இத பாருங்க, பாப்பாவுக்காகத்தான் பொறுத்துக்கிறேன். இந்த மாசம் முடியட்டும். அதுக்குள்ள சரியா ஓடலன்னா நான் பழையபடி நோட்டும் பேனாவும்தான்.”

மாதம் முடிய பதினெட்டு நாள் இருந்தது. பழைய நிறுவனத்தின் கெடுவும் அப்போதுதான் முடிகிறது. அன்று மகள் சூட்கேஸிலிருந்து ஒரு துப்பட்டாவை எடுத்தாள், மடித்தாள், திரும்ப உள்ளேயே வைத்தாள்.

இங்கேதான் நான் பெரிய தவறைச் செய்தேன். அரசுப் பணியில் பழகியவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு. எங்களிடம் தப்பான ஆணையைக் கிழித்துவிட்டு வேறு எழுதும் வழக்கம் கிடையாது. அதன் கீழே திருத்தம் போடுவோம். திருத்தம் புரியாவிட்டால் தெளிவுரை வெளியிடுவோம். அந்த முறைப்படி, இருந்த விளக்கத்தில் கை வைக்காமல், கீழே இரண்டு வரி சேர்த்தேன்:

“மேற்கண்டவற்றில் எது எவ்வாறிருப்பினும், துக்க நிகழ்வுகளில் காலதாமதம் தவிர்க்கப்பட வேண்டும். எதிர்பார்க்கப்படும் நேர்வுகளிலும் முன்கூட்டியே நடவடிக்கை மேற்கொள்ளப்படலாம்.”

நான்காம் நாள் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒருவர் எழுதினார். கரும்பு விவசாயக் குடும்பம். “அப்பாவுக்கு ரொம்ப முடியல. டாக்டர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாரு. சொந்தக்காரங்க பாக்க வர்றாங்க, முப்பது நாற்காலி வேணும்.” ஏஜென்ட் இதை எதிர்பார்க்கப்படும் நேர்வு என்று சரியாகவே புரிந்துகொண்டது. “முப்பது நாற்காலிகளும் பெட்டியும் புறப்பட்டுவிட்டன. தங்கள் தந்தையின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல்” என்று பதில் அனுப்பியது.

மச்சான் இந்தத் தடவை கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “குடோன் ஒங்க ஊர்லதான இருக்கு மாமா. நீங்களே போயி பேசிட்டு வாங்க” என்று மட்டும் சொன்னார். மகள் ஸ்கூட்டரை எடுத்தாள். நெல்லிக்குப்பம் தாண்டி மேல்பட்டாம்பாக்கம் போய்ச் சேர்ந்தோம்.

அந்த வீட்டு முற்றத்தில் எங்கள் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டு, உறவினர்கள் நிறைந்திருந்தார்கள். வட்டத்தின் நடுவே பெட்டி. குட்டியானை வண்டி ஓட்டிவந்த டிரைவர், வண்டிக்கு மறுபக்கம் தரையைப் பார்த்தபடி நின்றிருந்தார். பெட்டிக்கு நேர் எதிரே, முப்பதில் ஒரு நாற்காலியில் சாய்ந்தபடி, போர்வை போர்த்திய ஒரு பெரியவர் அதை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி வரும்வரை படுத்த படுக்கையாக இருந்தவராம். யாருக்கு இறங்குகிறது என்று ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறார். டிரைவர் கையிலிருந்த ரசீதைப் பார்த்து அவர் பெயரைப் படித்திருக்கிறார். எழுந்து வந்துவிட்டார்.

“நீதான் இத எழுதுனவனா?” என்றார் என்னிடம்.

“வரைவு என்னோடதுங்க.”

“என்னைக்குன்னு போட்டுருக்க?”

“எதுங்க?”

“நான் சாவுறது. தேதி கீதி போட்டியா?”

“தேதி எதுவும் குறிப்பிடலீங்க.”

“அப்பறம் எதுக்கு முன்னாடியே அனுப்புன?”

“எதிர்பார்க்கப்படும் நேர்வுன்னு ஒரு பிரிவு இருக்குதுங்க...”

“யாரு எதிர்பாத்தா?”

முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள்.

பெரியவர் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு மகனைக் கூப்பிட்டார். “அதக் கரண்டுல சொருவு. எளநி ரெண்டு கொலை கெடக்கு பாரு, சீவி உள்ள வை.”

“அப்பா, அதுலயா?”

“வந்த பொருள் சும்மா கெடக்கணுமா? வெயில்ல வந்துருக்காங்க. குளுகுளுன்னு குடுப்போம்.”

முக்கால் மணி நேரம் எல்லோரும் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு மூடியைத் திறந்து, இளநீரைப் பெரியவரே எண்ணி, மகனை விட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வைத்தார். ஒரு மருமகன் வேண்டாம் என்று தலையசைத்தார். “குடிக்காதவன் எவன்னு பாத்து வையி. அவன்தான் எதிர்பாத்தவன்” என்றார் பெரியவர். மருமகன் ஒரே மடக்கில் குடித்தார். எல்லோரும் குடித்தோம். நன்றாகவே குளிர்ந்திருந்தது. பெட்டியின் செயல்பாட்டில் குறையேதும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

கிளம்பும்போது அவர் என்னைக் கூப்பிட்டு, என்ன வேலை பார்த்தேன் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். “ஆபீசுலயும் இப்படித்தான் எழுதுவியா?”

“ஆமாங்க.”

“அப்ப வேலை எப்படிய்யா நடந்துச்சு?”

இந்தக் கேள்வியை முப்பத்தாறு ஆண்டில் தணிக்கைக்கு வந்த ஒருவர்கூடக் கேட்டதில்லை.

திரும்பி வரும் வழி முழுக்க அதைத்தான் யோசித்தேன். வேலை நடந்ததே, எப்படி? செம்மண்டலம் சந்திப்பில் டீக்கடையைப் பார்த்ததும் விடை கிடைத்துவிட்டது. நான் எழுதிய தாளைப் படித்துவிட்டு யாரும் எதையும் செய்ததே இல்லை. உதவியாளர் தாளை எடுத்துக்கொண்டு நேரே டீக்கடைக்கு வருவார். “சார், இப்ப என்ன செய்யணும்?” என்பார். நான் டீயை ஆற்றிக்கொண்டே, “குடுத்து அனுப்பிடு” என்பேன், அல்லது “அடுத்த வாரம் வரச் சொல்லு.” அவர் போய் அதைச் செய்வார். தாள் கோப்புக்குப் போகும். வேலைக்கு உரிய சொல் ஒரு நாளும் தாளில் இருந்ததில்லை, டீக்கடையில்தான் இருந்தது. இந்த ஏஜென்ட் டீக்கடைக்கு வராது. அதன் கையில் தாள் மட்டும்தான் இருக்கிறது. என்னை நம்பி என் தாளை முழுதாகப் படித்து, அதில் உள்ளபடியே நடந்த முதல் ஊழியர் அதுதான். என்னால் அதைப் பாராட்ட முடியவில்லை.

“வண்டிய நிறுத்து. கம்ப்யூட்டர எடு” என்றேன்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். “நீதான் அந்த ஏஜென்ட்டு. கடையப் பாத்ததில்ல, மாமாவத் தெரியாது. என்கிட்ட கேளு” என்றேன்.

“சார், பெட்டி டூலு. எப்ப எடுக்கணும்?”

“ஆளு செத்துட்டாருன்னு வீட்டுக்காரங்க சொன்னா எடு.”

“முடியாம இருக்காருன்னா?”

“எடுக்காத. இன்னைக்கோ நாளைக்கோன்னு சொன்னாலும் எடுக்காத.”

“செத்துட்டாரா இல்லையான்னு புரியலன்னா?”

“ஒரே ஒரு கேள்வி கேளு. சர்டிபிகேட்டு கேட்டுத் தொலைக்காத.”

டீ போட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, “யாரு சார் போனது?” என்றார். யாரும் போகவில்லை, போனால் என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருக்கிறோம் என்றேன். அவர் எங்கள் டீயைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார்.

நான் சொன்னதையெல்லாம் மகள் அப்படியே தட்டினாள். முப்பது பக்கமும் போயிற்று. ஒதுக்கும் கருவிக்கும் உறுதி செய்யும் கருவிக்கும் என்ன வித்தியாசம் என்று எழுத நான் முன்பு ஒன்றரைப் பக்கம் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டு வரியில் முடிந்தது: “ஒதுக்குவது, பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, இரண்டு நாளில் தானாக நீங்கிவிடும். உறுதி செய்வது, ஏறி உட்கார்ந்துவிடுவது. அதன் பிறகு அந்தத் தேதியை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது.”

“டூலு என்ன திருப்பிக் குடுக்கும்னும் எழுதணும்ப்பா. அனுப்புன்னு சொன்ன ஒடனே, அனுப்பியாச்சுன்னு அது பாட்டுக்குப் பதில் போட்டுடுது.”

“வண்டி கெளம்புனா என்ன வரும்?”

“வண்டி நம்பர்.”

“அப்ப எழுதிக்க. வண்டி எண் வந்தால்தான் வண்டி போயிருக்கிறது. எண் வராமல் போய்விட்டதாக யாரிடமும் சொல்லாதே.”

 அந்த வரி எங்கள் அலுவலகச் சுவரில் இருந்திருந்தால், நான் அனுப்பிய முன்னேற்ற அறிக்கைகளில் பாதி போயிருக்காது.

மாதத்தின் கடைசி முகூர்த்த நாள் வந்தது. மச்சானுக்கு அன்று ஒரே நாளில் நான்கு கல்யாணம். காலை பத்து மணிக்குப் போன் செய்தார்.

“மாமா, போனே அடிக்க மாட்டேங்குது. மிஷினு செத்துப்போச்சா?”

மகள் பார்த்தாள். நான்கு கல்யாணத்துக்கும் சாமான் போய் இறங்கியிருந்தது. ஒருவருக்கும் கேட்க எதுவும் இல்லாததால் யாரும் கூப்பிடவில்லை. மச்சானுக்கு இது பழக்கமில்லை. யாரும் திட்டாத காலை என்ற ஒன்று இருப்பதை அவர் அன்றுதான் பார்த்தார். ஆனாலும், “பெட்டி கேட்டு ஒருத்தராவது வரட்டும், அப்பறம் சொல்றேன்” என்று பிடிவாதமாக இருந்தார்.

பதினொரு மணிக்கு மேல்பட்டாம்பாக்கத்துப் பெரியவரே கேட்டார். மகன் போனை வாங்கித் தானே செய்தி அனுப்பியிருந்தார். மச்சான் அதைப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்பினார்.

“பெட்டி அனுப்பு.”

“உங்கள் வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா?”

“இல்ல.”

“அப்படியானால் பெட்டி அனுப்ப மாட்டேன். வேறு என்ன வேண்டும்?”

“எளநி குளுகுளுன்னு வேணும்.”

“அதற்கு இந்தப் பெட்டி வேண்டாம். தெர்மாகோல் பெட்டி இருக்கிறது. அனுப்பட்டுமா?”

பெரியவர் அடுத்து மச்சானையே கூப்பிட்டுவிட்டார். “இப்பதான்டா ஒழுங்கா கேள்வி கேக்குது. நான் இருக்கற வரைக்கும் இத நிறுத்துன, ஒன் கடைக்கே வந்து ஒக்காந்துக்குவேன்.” அவர் பேச்சைத் தட்ட மச்சானால் முடியவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை அவரைச் சாகடித்துவிட்ட குற்ற உணர்ச்சி இருந்தது. “சரி பாப்பா, ஓடட்டும்” என்று மகளிடம் சொன்னார். “அவுரு இருக்கற வரைக்கும்.”

ஆக, என் மகளின் தொழில் இப்போது ஒரு கரும்பு விவசாயியின் உடல்நலத்தை நம்பி நடக்கிறது. மாதம் ஒரு தடவை நான் மேல்பட்டாம்பாக்கம் போய் வருகிறேன். “பாக்க வந்தியா, எதிர்பாக்க வந்தியா?” என்று கேட்பார். பார்க்கத்தான் என்பேன். ஆள் நன்றாக இருக்கிறார்.

அந்த நான்கு கல்யாண நாளன்று மதியமே, கெடு முடிகிறது என்று பழைய நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. ஐந்து மணிக்குள் பதில் சொல்வதாகச் சொல்லி மகள் போனை வைத்தாள். மச்சான் ஒருவரை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியுமா என்று அவளுக்கே சந்தேகம் இருந்திருக்க வேண்டும். என் எதிரே வந்து நின்றாள்.

“என்னப்பா சொல்றீங்க?”

“சாதக பாதகங்களை...” என்று ஆரம்பித்தேன்.

“சார், இப்ப என்ன செய்யணும்?” என்றாள், உதவியாளர் குரலில்.

சமையலறையில் என் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது கேட்டது.

“போகாத” என்றேன்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். திருத்தம் கிடையாது.”

ஐந்து மணி வரை அவள் காத்திருக்கவில்லை. பேசி முடித்துவிட்டு வந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து சூட்கேஸை இழுத்து, துணிகளை அலமாரியில் அடுக்கினாள். காலியான சூட்கேஸைப் பரண்மேல் ஏற்றப் போனவளை நிறுத்தி, என் முப்பது பக்க வரைவையும் இரண்டு வரித் திருத்தத்தையும் அதற்குள் வைத்தேன்.

“இது எதுக்குப்பா?”

“இப்படிப்பட்ட தாள நிரந்தரமா பாதுகாக்கணும். அதுதான் முறை.”

அவள் சூட்கேஸைப் பூட்டினாள். சாவியை என்னிடம் கொடுக்கவில்லை.